திப்பு சுல்தான் ஷஹீத் (ரஹ்): வாளும் உடன்படிக்கையும்



சில வாரங்களுக்கு முன் தருமபுரியில் ஜும்ஆத் தொழுகை முடிந்து வெளியே வந்தபோது ஓர் இளைஞர் நம்மிடம் ஒரு வினாவைத் தொடுத்தார். இரு நாடுகள் போரிட்டுக் கொண்டிருக்கையில், சண்டையை நிறுத்திப் பேசலாம் என்ற அழைப்புக்கு இணங்குவது ஈமானின் பலவீனம் ஆகாதா? திப்பு சுல்தான் அவர்கள் கடைசி மூச்சு வரை போரிட்டு ஷஹீதானார்களே, அதுவன்றோ முஃமினின் வழி? இதுவே அவர் கேள்வி.

அந்தத் திப்பு சுல்தான் அவர்களே தம் வாழ்நாளில் கும்பினியாரோடு இரண்டு முறை சமாதான உடன்படிக்கையில் கையெழுத்திட்டார்கள் என்று நாம் சொன்னோம். இளைஞர் வியந்து போனார். அவற்றில் ஓர் உடன்படிக்கையால்தான் நாம் நின்று பேசிக்கொண்டிருந்த இந்த மண்ணே கும்பினியாரின் கைக்குப் போயிற்று என்றோம். அவர் வியப்பு இன்னும் கூடியது.

நம் வீடுகளில் சுல்தானின் படம் தொங்குகிறது. சிங்கத்தையும் நரியையும் ஒப்பிட்டு அவர் பெயரால் வழங்கும் வாசகம் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். ஆனால் அவருடைய வாளைப் பேசும் நாம் அவருடைய உடன்படிக்கைகளைப் பேசுவதில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த வாழ்வில் நமக்குள்ள பாடம் விளங்கும்.

பாராமகால் சீமை

பழங்காலத்தில் தகடூர் என்று பெயர் பெற்றது நம் தருமபுரி. அதியமான் ஆண்ட ஊர். போர் மூளும் வேளையில் ஒளவையார் அதியமானின் தூதராகத் தொண்டைமானிடம் சென்றதைத் தமிழ் கற்றோர் அறிவர். வாளுக்கு முன் சொல்லை அனுப்பும் வழக்கம் இம்மண்ணுக்குப் பழையது.

பிற்காலத்தில் தருமபுரி, கிருஷ்ணகிரி, காவேரிப்பட்டணம், ராயக்கோட்டை முதலிய ஊர்களைக் கொண்ட இந்தப் பகுதிக்குப் பாராமகால் என்று பெயர் வழங்கிற்று. பன்னிரண்டு கோட்டைகளின் சீமை என்பது பெயரின் பொருள். 1965ல் சேலத்திலிருந்து தருமபுரி மாவட்டம் பிரிந்தது. 2004ல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாயிற்று. ஆனால் மைசூருக்கும் கர்நாடகச் சமவெளிக்கும் நடுவே இச்சீமை கணவாய் வாயிலாக இருந்ததால், அந்நாளில் இரு பக்கத்துப் படைகளும் நம் முன்னோரின் கொல்லை வழியாகவே ஏறி இறங்கின.

பிறப்பும் வளர்ப்பும்

1750ஆம் ஆண்டு தேவனஹள்ளியில் ஹைதர் அலீ அவர்களுக்கும் பாத்திமா பக்ருன்னிஸா அம்மையாருக்கும் திப்பு சுல்தான் பிறந்தார்கள். ஆற்காட்டில் அடங்கியிருக்கும் திப்பு மஸ்தான் வலியுல்லாஹ் அவர்களின் நினைவாக இப்பெயர் சூட்டப்பட்டதென்பர். தந்தைக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் குறை மகனுக்கு நேரலாகாதென்று தக்க ஆசிரியர்களை வைத்துக் கற்பித்தார். பார்ஸியும் கன்னடமும் தக்கினி உருதுவும் திப்பு அவர்களுக்குக் கைவந்தன. பிற்காலத்தில் ஸ்ரீரங்கப்பட்டணத்து அரண்மனையில் சுமார் இரண்டாயிரம் கையெழுத்துப் பிரதிகள் கொண்ட நூலகம் அமைத்தார்கள்.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சுல்தான் கட்டிய மஸ்ஜிதே அஃலா இன்றும் உயர்ந்து நிற்கிறது. அதில் முதல் தொழுகையை, பருவமடைந்த நாள் தொட்டு ஒரு வக்துத் தொழுகையும் களாவாகாதவரே முன்னின்று நடத்த வேண்டும் என்று சொல்லப்பட்டபோது, ஒருவரும் முன்வராததால் சுல்தானே இமாமாக நின்றார்கள் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி.

தந்தை செய்த சமாதானம்

முதல் மைசூர் யுத்தம் 1767ல் மூண்டது. அப்போது பதினேழு வயதை ஒட்டிய இளைஞரான திப்பு, குதிரைப் படையுடன் சென்னையின் புறநகர் வரை சென்று கும்பினியாரைக் கலங்கடித்தார்கள். அதே காலத்தில் நம் சீமை படாத பாடு பட்டது. 1768ல் தருமபுரிக் கோட்டையைக் கும்பினிப் படை பிடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் ஹைதர் அதை மீட்டார். ஒரே ஆண்டில் இரண்டு கொடிகள். விதைத்தவன் அறுத்தானா என்று எவரும் எழுதி வைக்கவில்லை.

1769ல் ஹைதர் சென்னையின் வாயிலருகே வந்து நின்றார். நகரைக் கொள்ளையிடும் நிலையில் இருந்தவர் சமாதானம் பேசினார். பிடித்த ஊர்களை இரு தரப்பும் திருப்பிக் கொடுப்பது, ஒருவர் தாக்கப்பட்டால் மற்றவர் உதவுவது என்று ஏற்பாடாயிற்று. ஆனால் 1771ல் மராட்டியர் ஹைதரைத் தாக்கி முறியடித்தபோது கும்பினியார் உதவிக்கு வரவில்லை. கொடுத்த வாக்கு காற்றில் போயிற்று. பக்கத்திலிருந்து பார்த்த மகனின் உள்ளத்தில் அந்தக் காயம் ஆறவே இல்லை.

மங்களூர் உடன்படிக்கை

இரண்டாம் யுத்தம் 1780ல் தொடங்கியது. அந்த ஆண்டு செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் படையைத் திப்பு அவர்கள் வளைக்க, தந்தையின் படையும் வந்து சேர, கும்பினியார் இந்தியாவில் அதுவரை காணாத தோல்வியைக் கண்டார்கள். 1782 டிசம்பரில் சித்தூர் அருகே ஹைதர் மௌத்தானார். மேற்குக் கரையில் போரிட்டுக் கொண்டிருந்த மகன் விரைந்து வந்து அரசையும் போரையும் ஒன்றாக ஏற்றார்கள்.

1783ல் மங்களூர் கோட்டையை சுல்தான் முற்றுகையிட்டார்கள். முற்றுகை நடக்கும்போதே ஐரோப்பாவில் பிரான்சும் பிரிட்டனும் சமாதானம் செய்துகொண்ட சேதி வந்தது. உடனிருந்த பிரெஞ்சுக்காரர் துப்பாக்கியைக் கீழே வைத்து விலகினர். ஆகஸ்டில் போர்நிறுத்தம் ஏற்பட்டது. 1784 ஜனவரிக் கடைசியில் பட்டினியால் வாடிய கோட்டை பணிந்தது. சென்னையிலிருந்து கும்பினியின் பிரதிநிதிகள் மூவர் சுல்தானின் பாளையத்தைத் தேடி வந்தனர். மார்ச் 11ஆம் நாள் உடன்படிக்கை கையெழுத்தாயிற்று. பிடித்த இடங்களைத் திருப்பிக் கொடுப்பதும் கைதிகளை விடுவிப்பதும் அதன் சாரம்.

கை ஓங்கியிருந்த வேளையில் சுல்தான் ஏன் நிறுத்தினார்கள்? கருவூலம் இளைத்திருந்தது. உள்நாட்டில் சதிகள். வடக்கே மராட்டியர். நான்கு ஆண்டுப் போரில் குடிகள் நலிந்திருந்தனர். எதிரி பேச வந்தபோது, முன்பு அவன் வாக்குத் தவறினான் என்பதற்காக அவர்கள் முகம் திருப்பவில்லை. ஸூரத்துல் அன்ஃபாலில் அல்லாஹு தஆலா, எதிரிகள் சமாதானத்தின் பால் சாய்ந்தால் நீரும் அதன் பால் சாய்வீராக என்று தன் தூதருக்குக் கட்டளையிடுகிறான். அவர்கள் ஏமாற்ற நினைத்தாலோ என்ற ஐயத்துக்கும் அடுத்த வசனத்திலேயே விடை தருகிறான்: அல்லாஹ் உமக்குப் போதுமானவன் என்று. மங்களூரில் சுல்தான் செய்தது இதற்கு ஒத்த செயல்.

நமது கருத்தில், பொள்ளிலூர் வெற்றியைவிட மங்களூர்க் கையெழுத்தே அவர்களுடைய பெரிய வெற்றி. கும்பினியின் கவர்னர் ஜெனரலாயிருந்த வாரன் ஹேஸ்டிங்ஸுக்கு இந்த உடன்படிக்கை சற்றும் பிடிக்கவில்லை. யாருக்கு அது இழிவாகப் பட்டது என்பதிலிருந்தே யாருக்கு அது லாபம் என்று அறியலாம்.

திருவிதாங்கூர் எல்லையில்

அடுத்த ஐந்தாண்டுகளில் மைசூர் செழித்தது. பட்டுப்புழு வளர்ப்பு, அணை வேலை, ஆயுதச்சாலை, கடல் வாணிகம் என்று பல துறைகளில் சுல்தான் கவனம் செலுத்தினார்கள். ஆனால் ஒரு மன்னரின் வாழ்வைச் சொல்லும்போது நல்லதை மட்டும் சொல்லி மற்றதை மறைப்பது நேர்மையாகாது. குடகிலும் மலபாரிலும் கிளர்ச்சிகளை அடக்கியபோது குடிகள் பெருந்தொகையாகச் சிறை கொண்டு போகப்பட்டனர். அந்தத் துயரம் அங்குள்ளோர் நினைவில் இன்றும் இருக்கிறது. அதே சுல்தான், 1791ல் மராட்டியப் படையுடன் வந்தவர்கள் சிருங்கேரி மடத்தைக் கொள்ளையிட்டபோது, மடத்துக்குப் பொருளும் ஆதரவும் அனுப்பினார்கள். ஒரு முஸ்லிம் அரசரின் செயல் என்பதாலேயே எல்லாம் மார்க்கத்துக்கு ஆதாரமாகி விடாது. மார்க்கத்தை வைத்து மன்னரை அளக்க வேண்டுமேயன்றி, மன்னரை வைத்து மார்க்கத்தை அளக்கலாகாது.

டச்சுக்காரரிடமிருந்து திருவிதாங்கூர் அரசர் இரண்டு கோட்டைகளை விலைக்கு வாங்கினார். அவை தம் ஆணைக்குட்பட்ட கொச்சிக்கு உரியவை என்றார்கள் சுல்தான். வழக்கு பேச்சில் தீரவில்லை. 1789 டிசம்பர் 29ல் திருவிதாங்கூர் எல்லை மதிலைத் தாக்கினார்கள். பெரும் நஷ்டத்துடன் பின்வாங்க நேர்ந்தது. திருவிதாங்கூரோ மங்களூர் உடன்படிக்கையிலேயே கும்பினியின் நேசநாடாகக் குறிக்கப்பட்டது. போருக்குக் காரணம் தேடியிருந்தவர்களுக்குக் காரணம் கிடைத்தது. கும்பினி, மராட்டியர், ஹைதராபாத் நிஜாம் மூவரும் கூட்டுச் சேர்ந்தனர். நிஜாம் ஒரு முஸ்லிம் அரசர் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். இதை இரு மதங்களின் போர் என்று சொல்பவர்கள் சரித்திரத்தை அறியாதவர்கள்.

பென்னாகரமும் கிருஷ்ணகிரியும்

1791ல் போர் மீண்டும் நம் வாசலுக்கு வந்தது. மார்ச்சில் பெங்களூர் விழுந்தது. ஜூலையில் ராயக்கோட்டை விழுந்தது. அக்டோபர் இறுதியில் கர்னல் மாக்ஸ்வெல் பென்னாகரம் கோட்டையின் முன் வந்து நின்றார். பேச்சுக்காக உயர்த்திச் சென்ற கொடியின் மீது உள்ளிருந்தோர் சுட்டார்கள் என்று கும்பினித் தரப்பார் எழுதி வைத்துள்ளனர். உடனே ஏணி வைத்து ஏறினர். சிறிய காவல் படையில் பெரும்பாலோர் மாண்டனர். கொடி ஏந்தி வந்தவனை உள்ளே விட்டு ஒரு நாழிகை பேசியிருந்தால் எத்தனை தாய்மார்களின் பிள்ளைகள் வீடு திரும்பியிருப்பார்கள்! தூதுவனுக்குத் தீங்கிழைக்கலாகாது என்பது நம் மார்க்கத்தின் தெளிவான சட்டம். பெருமானார் (ஸல்) அவர்கள் பொய்த்தூதன் முஸைலமாவின் தூதர்களைக்கூட உயிரோடு திருப்பி அனுப்பினார்கள்.

நவம்பரில் அதே படை கிருஷ்ணகிரி மலைக்கோட்டையைத் தாக்கியது. பேட்டை எரிந்தது, மலை மேலிருந்த கோட்டையோ பணியவில்லை.

பிள்ளைகளை ஈடு வைத்த தந்தை

1792 பிப்ரவரி 6ஆம் நாள் இரவு காரன்வாலிஸ் ஸ்ரீரங்கப்பட்டணத்தின் வெளி அரண்களைத் தாக்கிப் பிடித்தார். தொடர்ந்து போரிட்டால் தலைநகரும் அதிலிருந்த மக்களும் அழியும் நிலை. சுல்தான் பேச இணங்கினார்கள். அந்த மாதம் 24ல் பீரங்கிகள் ஓய்ந்தன. மார்ச் 18ல் உடன்படிக்கை முடிந்தது.

விலை மிகக் கடுமை. ராஜ்யத்தில் பாதி. மூன்று கோடியே முப்பது லட்சம் ரூபாய். அது தீரும் வரை இரண்டு இளவரசர்கள் ஈடு. பத்து வயதையும் தாண்டாத அப்துல் காலிக், முயிஸ்ஸுத்தீன் இருவரும் யானை மீதேறி எதிரியின் கூடாரத்துக்குப் போனார்கள். வாசகர்களில் தந்தையர் ஒரு கணம் தம் பிள்ளைகளை எண்ணிப் பார்க்கட்டும். அதன் பின் சுல்தான் மெத்தையில் படுக்காமல் முரட்டுத் துணி விரித்துத் தரையில் படுத்தார்கள் என்று சொல்வர். பணத்தைச் செலுத்தினார்கள். 1794ல் பிள்ளைகள் திரும்பி வந்தனர். வாக்குத் தவறவில்லை.

அந்தப் பாதி ராஜ்யத்தில் நம் பாராமகாலும் அடங்கும். பீரங்கிக்கு விழாத கிருஷ்ணகிரி காகிதத்தில் விழுந்தது. கேப்டன் அலெக்சாண்டர் ரீட் இச்சீமைக்கு அதிகாரியாக வந்தார். அவருக்குத் துணையாக வந்த தாமஸ் மன்றோ தருமபுரியில் தங்கி நிலங்களை அளந்து வரி விதித்தார். பிற்காலத்தில் சென்னை மாகாணமெங்கும் பரவிய ரயத்துவாரி முறை இங்கேதான் உருப்பெற்றது.

இவ்விடத்தில் நமக்கு ஸீராவின் ஒரு சம்பவம் நினைவுக்கு வருகிறது. ஹிஜ்ரி 5ல் அகழ் யுத்தத்தின்போது மதீனாவைப் பல கோத்திரங்கள் வளைத்துக் கொண்டன. கத்ஃபான் கூட்டத்தார் விலகிச் சென்றால் மதீனாவின் பேரீச்சம்பழ விளைச்சலில் மூன்றில் ஒரு பங்கைத் தரலாம் என்று பெருமானார் (ஸல்) அவர்கள் கருதினார்கள். ஆனால் முடிவு செய்யுமுன், அந்தத் தோட்டங்களுக்கு உரிய மக்களின் தலைவர்களான ஸஃது இப்னு முஆத் (ரலி), ஸஃது இப்னு உபாதா (ரலி) இருவரிடமும் ஆலோசனை கேட்டார்கள். இது அல்லாஹ்வின் கட்டளையல்ல, தங்கள் கஷ்டத்தைக் கருதிச் சொல்லப்படும் யோசனை என்றறிந்ததும், அவ்விருவரும் கொடுக்க வேண்டாம் என்றனர். நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஏற்றுக் கொண்டார்கள்.

இதில் இரு தரப்புக்கும் பாடம் உண்டு. உயிர்களைக் காக்கப் பொருளை விட்டுக் கொடுப்பதைப் பற்றி அல்லாஹ்வின் தூதரே யோசித்தார்கள். எனவே அது இழிவல்ல. ஆனால் விலை கொடுக்கப் போகிறவனைக் கேட்டார்கள். எனவே அவனைக் கேளாமல் செய்வது நீதியல்ல. பாராமகாலின் குடியானவனை யார் கேட்டார்கள்? போர் தொடுக்கும்போதும் கேட்கவில்லை. சீமையை எழுதிக் கொடுக்கும்போதும் கேட்கவில்லை. கேட்டு வாங்கிய கும்பினியாரும் கேட்கவில்லை.

கடைசி நாட்கள்

1792ன் சமாதானம் ஏழாண்டுகளே நின்றது. ஏனெனில் அதை இரு தரப்பும் சமாதானமாக எண்ணவில்லை. அடுத்த போருக்கான தவணையாகவே எண்ணின. சுல்தான் பிரெஞ்சுக்காரரின் துணையை நாடி மொரீஷியசுக்குத் தூது விட்டார்கள். 1798 ஜனவரியில் அங்குள்ள கவர்னர் அதைப் பகிரங்கமாக விளம்பரம் செய்து விட்டார். அந்த ஆண்டு வந்த வெல்லெஸ்லியோ மைசூரை அடக்குவதென்றே தீர்மானித்திருந்தார். தம் தூதரை ஏற்கும்படி அவர் எழுதினார். சுல்தான் பதிலைத் தள்ளிப் போட்டார்கள். இணங்கி எழுதிய கடிதம் 1799 பிப்ரவரியில் வந்து சேர்ந்தபோது, படை புறப்பட ஆணை போய்விட்டிருந்தது. ஜெனரல் ஹாரிஸின் சேனை நம் ராயக்கோட்டை வழியாகவே மைசூர் எல்லையைக் கடந்தது.

ஏப்ரலில் முற்றுகை இறுகியபோதும் சுல்தான் பேச முன்வந்தார்கள் என்பதைப் பலர் அறியார். ஹாரிஸ் வைத்த நிபந்தனை: மீதியிருந்த ராஜ்யத்தில் பாதி, இரண்டு கோடி ரூபாய், நான்கு புதல்வர்களும் நான்கு தளபதிகளும் ஈடு. வக்கீல்களை அனுப்பிப் பேசலாம் என்று சுல்தான் மீண்டும் எழுதினார்கள். முதலில் நிபந்தனையை ஏற்றாக வேண்டும் என்று கதவை மூடினார் ஹாரிஸ். அதற்கு மேல் பேச என்ன இருந்தது? மே 4ஆம் நாள், ஹிஜ்ரி 1213 துல்கஃதா மாதக் கடைசியில், மதில் உடைந்தது. சுல்தான் தம் வீரர்களோடு நின்று போரிட்டு ஷஹீதானார்கள். பெற்றோரின் அருகில் கும்பஸில் அடக்கப்பட்டார்கள். குடும்பத்தார் வேலூர்க் கோட்டைக்குக் கொண்டு போகப்பட்டனர்.

ஆகவே அவர்களுடைய ஷஹாதத் சமாதானத்தை வெறுத்ததன் விளைவல்ல. சமாதானத்தின் கதவு அடைக்கப்பட்ட பின் எஞ்சிய வழி அது.

நாம் பெறும் பாடம்

ஹிஜ்ரி 6ல் ஹுதைபிய்யாவில் சுமார் ஆயிரத்து நானூறு ஸஹாபாக்கள் உயிர் கொடுக்கவும் பைஅத் செய்து நின்றார்கள். அப்படியிருந்தும் பெருமானார் (ஸல்) அவர்கள் பத்தாண்டுப் போர்நிறுத்தத்துக்கு இணங்கினார்கள். நிபந்தனைகள் கசப்பாயிருந்தன. ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்களே மனம் பொறாமல் கேள்வி கேட்டார்கள். ஆனால் அல்லாஹ் அதைத் தெளிவான வெற்றி என்றான். இரண்டே ஆண்டுகளில், குறைஷிகளின் தரப்பார் உடன்படிக்கையை முறித்த பின், பத்தாயிரம் பேர் மக்காவில் நுழைந்தார்கள். அமைதிக் காலத்தில் உள்ளங்கள் திறந்தன. போர்க் காலத்தில் அவை மூடியிருந்தன.

நம் காலத்திலும் இதற்குச் சாட்சி உண்டு. 1980ல் ஈராக் ஈரானைத் தாக்கியது. 1982ல் ஈரான் தன் குர்ரம்ஷஹர் நகரை மீட்டது. ஈராக் போர்நிறுத்தம் கோரிய அந்த வேளையில் போர் நிற்கவில்லை. மேலும் ஆறு ஆண்டுகள் ஓடின. 1988 ஆகஸ்டில் சண்டை ஓய்ந்தபோது எல்லை பழைய இடத்திலேயே இருந்தது. இரு பக்கத்திலும் லட்சக்கணக்கில் கப்ருகள் மட்டும் கூடியிருந்தன. இரு பக்கத்திலும் கலிமாச் சொன்னவர்கள். முஃமின்களில் இரு கூட்டத்தார் சண்டையிட்டால் அவர்களிடையே சமாதானம் செய்து வையுங்கள் என்ற ஸூரத்துல் ஹுஜுராத்தின் கட்டளை ஓதப்பட்டுக் கொண்டுதான் இருந்தது, செயலில் வரவில்லை.

ஆக, அந்த இளைஞருக்கு நாம் கூறிய விடை இதுவே. எதிரி பேச வந்தால் பேசுவதே மார்க்கம். கை ஓங்கியிருக்கும்போது பேசுவது அதனினும் சிறப்பு. அப்போதுதான் விலை குறைவு. மங்களூரும் ஸ்ரீரங்கப்பட்டணமும் அதைக் காட்டுகின்றன. செய்த உடன்படிக்கையை உள்ளத்தாலும் காக்க வேண்டும். மறுதரப்பு மோசம் செய்யுமென்று அஞ்சினால், ஒப்பந்தம் முடிந்ததென்று வெளிப்படையாக அறிவிக்க வேண்டுமேயன்றி, மறைவில் முறிக்கலாகாது. அடிமையாகு அல்லது அழிந்து போ என்பதைத் தவிர வேறு பேச்சே இல்லாதபோதுதான் 1799ன் வாசல் திறக்கிறது. அந்த வாசலை முதல் வாசலாக்கிக் கொள்பவர் சுல்தானைப் பின்பற்றவில்லை.

பென்னாகரத்துக்கோ கிருஷ்ணகிரிக்கோ போகும் வாசகர்கள், அந்தப் போர்களில் மாண்ட பெயர் தெரியாத மக்களை ஒரு கணம் நினைக்கட்டும். வீட்டில் சுல்தானின் கதையைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, வாள் பிடித்த கையோடு கையெழுத்திட்ட கையையும், யானை மீதேறிப் போன இரு சிறுவர்களையும் சேர்த்துச் சொல்லட்டும்.

வல்ல நாயன் அல்லாஹு தஆலா திப்பு சுல்தான் அவர்களின் பிழைகளைப் பொறுத்து அவர்களின் ஷஹாதத்தை அங்கீகரிப்பானாக! போரில் சிக்கியுள்ள மக்கள் அனைவருக்கும் நீதியுடன் கூடிய அமைதியைத் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.